வயிற்றின் மேல் ஒரு மாவிளக்கு

பெரியவளே, சின்னவனே, உங்கள் அப்பாவுக்கு வயிறு வலிக்கிறது. இன்றைக்கும் வலிக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல நம் வீட்டில் எனக்கு இடம் இல்லாமல் போனதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். ஸ்டியரிங் நிற்கிற மாதிரி என் கையில் பேனா நிற்காது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

வலி எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் இதுவரை கேட்டதில்லை. தொப்புளுக்கு இடது பக்கம், நாலு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே. ஈரப் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு முறுக்கிப் பிழிவார்களே, அந்த மாதிரி. முறுக்கி அப்படியே பிடித்து வைத்திருக்கும். பிறகு விடும். விட்டுவிட்டது என்று மூச்சு இழுத்தால் மறுபடியும் முறுக்கும்.

நான் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். மாமல்லபுரத்தில் எடுத்து, ஈசிஆர் கடற்கரை ரோட்டில் வழியெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கோவளத்தில் திரும்பி, கேளம்பாக்கம் நெரிசலில் ஊர்ந்து, சிறுசேரியில் இறக்குவேன். சாயங்காலம் அதே வழியில் திருப்பிக் கொண்டு வருவேன். கேளம்பாக்கத்தில் க்ளச்சிலிருந்து காலை எடுக்கவே முடியாது. ஒவ்வொரு மிதிக்கும் அந்த இடம் மடங்கும். பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்குவார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். ஒருவர்கூட முழித்துக்கொள்ளாத மாதிரி பிரேக் போடுவதுதான் என் வேலை. அதை ஒழுங்காகத்தான் செய்தேன்.

இது ஆரம்பித்தபோது சின்னவன் ஆறாவது. இப்போது எட்டாவது. முதலில் தெருமுனை டாக்டர் கேஸ் என்றார். வெள்ளை மாத்திரை, பிறகு மஞ்சள் மாத்திரை, பிறகு புதினா வாசனை வருகிற மருந்து. காரம் நிறுத்தினோம். மொச்சை நிறுத்தினோம். டீ நிறுத்தினேன். டிரைவர் வேலையில் டீயை நிறுத்துவது என்றால் பேச்சுத்துணையை நிறுத்துவது. எல்லோரும் கிளாஸோடு நிற்கும்போது நான் மட்டும் சுடுதண்ணி பாட்டிலோடு நிற்பேன். ஒரு கையில் பாட்டில், ஒரு கை வயிற்றில்.

“இன்னா அண்ணாத்த, எத்தினி மாசம்?” என்று கேட்டான் கூட வேன் ஓட்டுகிற ஒருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு தினமும் கேட்டான். “இன்னும் பொறக்கலியா? வளைகாப்புக்காவது கூப்புடு.” அவன் கெட்டவன் இல்லை. என் டயர் பஞ்சரானால் முதலில் ஓடி வருகிறவன் அவன்தான். பஞ்சர் கண்ணுக்குத் தெரியும் அல்லவா.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்கள் அம்மாவும் கூட வந்தாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அவளுடைய அப்பா இதே மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்துதான், காட்டாமலே விட்டு, போய்ச் சேர்ந்தார். பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். மூத்திரம், மலம் எல்லாம் டப்பியில் கொடுத்தேன். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, பசை மாதிரி எதையோ தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பிறகு பெரிய ஸ்கேன். பிறகு கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டார்கள். இன்னொரு நாள் வேறு வழியாக. அதற்கு முந்தின நாள் முழுக்கப் பேதிக்குக் குடித்துவிட்டுக் கக்கூஸிலேயே கிடந்தேனே, சின்னவனே, நீ கதவைத் தட்டி, “அப்பா, உள்ளயே குடி போயிட்டியா?” என்று கேட்டாயே, அன்றைக்குத்தான்.

எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு டாக்டர் கூப்பிட்டார்.

“எல்லாமே நார்மல்ங்க. கட்டி இல்ல, புண்ணு இல்ல. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல.”

உங்கள் அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெரியம்மாவுக்குச் சொல்லத்தான்.

“சார், ஆனா வலிக்குதே” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். “வலிக்கலன்னு நான் சொல்லலிங்க. வலி இருக்கு. காரணம் இதுல தெரியலன்னு சொல்றேன். சில பேருக்கு இப்படித்தான் வரும், வருஷக்கணக்கா இருக்கும். கூடிச்சுன்னா, எடை குறைஞ்சிதுன்னா, ரத்தம் போச்சுன்னா உடனே வரணும். மத்தபடி பழகிக்கணும்.”

இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டது நான் ஒருவன்தான். உங்கள் அம்மா கதவுக்கு அந்தப் பக்கம், “நார்மல்க்கா, எல்லாம் நார்மல்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த ஒரு வார்த்தைதான். டாக்டர் சொன்ன மிச்சத்தை நான் பலமுறை சொன்னேன். நானே கதை கட்டிச் சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டீர்கள்.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது அடியில் ஒரு சத்தம் வரும். மெக்கானிக்கை ஏற்றி உட்காரவைத்தால் வராது. அவன் இறங்கிப் போனதும் வரும். ஆனால் எந்த மெக்கானிக்கும் டிரைவரைப் பார்த்து, “உனுக்கு மனசுல கேக்குது” என்று சொன்னதில்லை. “ஓட்டிக்கினு இரு நைனா, பெருசானா தானா மாட்டும்” என்பான். சத்தம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் அனுப்புவான். அந்த மரியாதை வண்டிக்குக் கிடைக்கிறது.

எனக்குக் கிடைத்தது வேறு. ஒரு நாள் முறுக்கல் தாங்காமல் லீவு கேட்டேன். டிரிப் பிரிக்கிற சூப்பர்வைசர் ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

“இன்னாய்யா இது, நார்மல்னு போட்டுகீது?”

“ஆமா சார். ஆனா வலிக்குது.”

“உனக்கு எதிரா நீயே சாட்சி கொண்டாந்துகினு நிக்கிறியே. வண்டிய எடு.”

எடுத்தேன்.

வீட்டிலும் அதேதான், கொஞ்சம் அன்போடு. சின்னவன் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகள் முன்னால் ஒரு கையை இடுப்பில் வைத்து, வாயைக் கோணி, என் நடை நடந்து காட்டினான். நன்றாகத்தான் நடித்தான். நான் ஜன்னலுக்கு வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சிநேகிதியிடம் பேசினாள். “எங்கப்பாக்கு ஒண்ணும் இல்லடி. எல்லா டெஸ்ட்டும் நார்மல். மனசுலதான். அவரே நெனச்சி நெனச்சி வர வச்சிக்கிறாரு.” தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் நான் குழாய் பார்த்துக்கொண்டிருந்தேன், மகளே. நீ வேண்டுமென்று சொல்லவில்லை. படித்த பெண், யோசித்துத்தான் சொன்னாய். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இனி விளக்குக்கு வருகிறேன்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் உங்கள் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். கெட்டது எதுவும் இருக்கக் கூடாது, இல்லையென்று வந்துவிட்டால் ஆடி மாசம் அம்மன் கோயிலில் என் வயிற்றில் மாவிளக்கு ஏற்றுவதாக. நன்றாகக் கவனியுங்கள். அவள் வேண்டிக்கொண்டது ரிப்போர்ட்டுக்கு. வலிக்கு இல்லை. அம்மனும் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. குறை யார் மேலும் இல்லை.

ஆடி வெள்ளிக்கிழமை. பெரியம்மாதான் மாவு இடித்து வெல்லம் போட்டுப் பிசைந்து கொண்டுவந்தாள். நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, மஞ்சள் வேட்டி கட்டி, சன்னிதிக்கு நேரே தரையில் மல்லாந்து படுத்தேன். எனக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மாவும் அந்தப் பக்கம் ஒரு பையனும் அதே மாதிரி படுத்திருந்தார்கள். வயிற்றில் வாழை இலையைப் போட்டு, மாவை வைத்து, நடுவில் குழித்து நெய்யை ஊற்றித் திரியை ஏற்றினார்கள். விளக்கு தானாக மலையேறும் வரைக்கும் அசையக் கூடாது. ஊதவும் கூடாது, எடுக்கவும் கூடாது.

முதலில் இதமாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. மாவின் சூடு இலை வழியாக இறங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டே, தாயே, ஒருவேளை போய்விடுமோ என்று நானும் ஆசைப்பட்டேன். அந்த ஆசையோடுதான் படுத்திருந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது முறுக்கியது. விளக்குக்கு நேர் கீழே. வயிறு என்னைக் கேட்காமல் உள்ளே இழுத்துக்கொண்டது. இலை சரிந்தது. மாவு ஒரு பக்கம் சாய்ந்து நெய் வழிந்து வலது பக்கத் தோலில் இறங்கியது. கூடவே ஒரு துளி நெருப்பு.

“அசையாத, அசையாத” என்றாள் பெரியம்மா, மாவைத் தள்ளி நேராக்கிக்கொண்டே. “கொஞ்சம்தான் கீது. மலையேறட்டும்.”

அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் பொறுத்தேன். வலது பக்கம் எரிச்சல், இடது பக்கம் முறுக்கல். கண்ணில் தண்ணீர் வந்தது. சுற்றி நின்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரி அணைந்தது. எழுந்து உட்கார்ந்தேன். பெரியம்மா குனிந்து கேட்டாள். “இப்ப எப்டி கீது?”

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். “போயிடுச்சுக்கா. மூஞ்சியப் பாரேன், எப்டி தெளிஞ்சிகீது.”

அவள் முகத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காக அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். மாவை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் வயிற்றில் வெந்த மாவை நீங்களும் சாப்பிட்டீர்கள். சின்னவன் இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து வேட்டியைத் தளர்த்தியபோதுதான் உங்கள் அம்மா பார்த்தாள். வலது பக்கம், புளியங்கொட்டை அளவுக்குத் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

அப்புறம் நடந்ததை நீங்களே மறந்திருக்க மாட்டீர்கள். “அய்யோ, சொல்ல வேணாமா? எவ்ளோ எரிஞ்சிருக்கும்” என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவளே, நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் பறந்தாய். நெருப்புக் காயத்துக்கென்று வெள்ளைக் களிம்பு ட்யூப் வாங்கி வந்து, உன் கையாலேயே, விரல் நுனியால், தோலில் படுகிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி தடவினாய். “வலிக்குதாப்பா? இங்கியா? இங்க?” என்று கேட்டுக் கேட்டுத் தடவினாய். சின்னவன் குனிந்து ஊதினான். வாயில் வெல்ல வாசனை. “நான் தினமும் ஊதறேம்ப்பா” என்றான். ஊதவும் செய்தான். ஸ்கூலுக்குப் போகும் முன்னால் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை.

சூப்பர்வைசரிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். “அடப்பாவி, இத்தோட பெல்ட்ட போட்டுக்கினு ஓட்டுவியா? போய் ரெஸ்ட் எடுய்யா” என்று அவரே லீவு கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். எத்தனை மாசம் என்று கேட்கிறவன் எனக்காக என் டிரிப்பையும் சேர்த்து ஓட்டினான். பார்சல் இட்லி வாங்கி வந்து வாசலில் நின்று, “காரச் சட்னி வேணாம்னு சொல்ட்டேன் அண்ணாத்த” என்றான்.

புளியங்கொட்டை அளவு. நிஜத்தைச் சொன்னால் அதில் அவ்வளவு எரிச்சலே இல்லை. தண்ணீர் ஊற்றினால் சுருக்கென்றது, அவ்வளவுதான். தொப்புளைத் தாண்டி அந்தப் பக்கம், நாலு விரல் தள்ளி, ரெண்டு வருஷமாக ஒன்று கிடந்து முறுக்குகிறது. அதை யாரும் ஊதவில்லை. பாயில் படுத்துக்கொண்டு, தலையைச் சுற்றி நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, நான் உங்களை எவ்வளவு நேசித்தேனோ அவ்வளவு வெறுத்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது. இவ்வளவு அன்பையும் எங்கே வைத்திருந்தீர்கள்? வீட்டில்தானே இருந்தது? எடுத்துக் கொடுக்க ஒரு கொப்பளம் வேண்டியிருந்ததா?

கொப்பளம் உடைந்து, பக்கு கட்டி, உதிர்ந்தது. ஒரு காலையில் பெரியவள் பார்த்துவிட்டு, “சூப்பர்ப்பா, ஆறிடுச்சு. இனிமே களிம்பு வேணாம்” என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். சின்னவன் ஊதுவதை நிறுத்தினான். நிறுத்துவது நியாயம்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே கேளம்பாக்கத்தில் முறுக்கல் பிடித்துக்கொண்டது. வீடு வந்து சேரும்வரை விடவில்லை. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“வலி போகல. அன்னிக்கும் போகல. விளக்கு எரியும்போதே வலிச்சிது.”

சின்னவன் அம்மா முகத்தைப் பார்த்தான். பெரியவள் என்னைப் பார்த்தாள். உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்டிச் சொல்லாத” என்றாள். அதட்டவில்லை, கெஞ்சினாள். “வேண்டுதல முடிச்சாச்சு. அம்மன் நல்லது பண்ணிட்டா. வாங்கிக்கினு இல்லன்னு சொன்னா அவளுக்குக் கோவம் வராதா? பசங்க கீறாங்க வூட்ல. இனிமே அந்த வார்த்தையே எடுக்காத.”

“டாக்டரே சொன்னாரு, வலி இருக்கும்னு.”

“எங்கிட்ட நார்மல்னுதான் சொன்னாரு.”

பெரியவள் மெதுவாகக் கேட்டாள். “சரிப்பா, ஆனா எல்லாம் நார்மலா இருக்கும்போது எப்படி வலிக்கும்?”

அது தெரிந்தால் டாக்டருக்குச் சொல்லியிருப்பேனே. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் வலி என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அம்மாவும் சந்தோஷமாக இருக்கிறாள். பெரியம்மா தெருவெல்லாம் சொல்லி, இன்னும் இரண்டு பேர் வயிற்றில் விளக்கு ஏற்ற ஏற்பாடு செய்துவிட்டாள்.

எப்படிச் சமாளிக்கிறேன் என்றால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வண்டியில் சீட்டுக்கு அடியில் வெந்நீர்ப் பை இருக்கிறது. ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி கொண்டுபோகிறேன். சீட்டை ஒரு பல் பின்னால் சாய்த்து வைத்தால் க்ளச் மிதிக்கும்போது அவ்வளவு மடங்காது. பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தி மாட்டுகிறேன். எந்த பெட்ரோல் பங்கில் கக்கூஸ் திறந்திருக்கும், எந்த பங்கில் சாவி கேட்டால் எரிந்து விழுவார்கள் என்று தெரியும். மெதுவாகச் சாப்பிடுகிறேன். முறுக்கும்போது எதிர்த்து இறுக்காமல் மூச்சை விடுகிறேன். எடை பார்த்துக்கொள்கிறேன், குறையவில்லை. குறைந்தால் டாக்டரிடம் போவேன். நான் தனியாகவே போவேன்.

உங்களிடம் இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். உங்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறது. என் பிள்ளைகள், என் குடல்தான் உங்களுக்கும் இருக்கும். ஒருநாள் எங்கேயாவது வலிக்கும், எல்லா மெஷினும் இல்லை என்று சொல்லும், சுற்றி இருக்கிறவர்கள் சிரித்த முகமாக உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு என்னிடம் வாருங்கள். நான் ரிப்போர்ட் கேட்க மாட்டேன். எங்கே என்று மட்டும் கேட்பேன்.

அதுவரைக்கும் என்னையும் யாராவது ஒருவர் கேட்கலாம்.

அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒன்று செய்தேன். ஆட்களைச் சிறுசேரியில் இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வரும்போது, கோவளம் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். பெரியவள் வாங்கி வந்த களிம்பு ட்யூபை, அலமாரியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சட்டையைத் தூக்கி, பெல்ட்டை அவிழ்த்தேன். வலது பக்கத் தழும்பை விட்டுவிட்டு, தொப்புளுக்கு இந்தப் பக்கம், நாலு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே, விரல் நுனியால் தடவினேன். அவள் தடவின மாதிரியே, அழுத்தாமல். அது நெருப்புக் காயத்துக்கான மருந்து என்று எனக்குத் தெரியும். தடவிவிட்டு, குனிந்து எட்டினவரைக்கும் ஊதினேன். பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.